ஊசிக்கும் தொட்டிலுக்கும் நடுவே ஒரு வாய்

மொழிபெயர்ப்பாளருக்குக் காது இரண்டும் சொந்தம். வாய் மட்டும் வாடகைக்கு விட்டது.

மொன்றியல் ஆஸ்பத்திரிகளிலும் கிளினிக்குகளிலும் தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் நடுவில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து பிழைக்கிறவள் நான். பெண்கள் பகுதியில்தான் என்னை அதிகம் கூப்பிடுவார்கள். பெண்களுக்குப் பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பது ஒரு காரணம். எனக்கு வயது ஐம்பத்தெட்டு, முகம் பள்ளிக்கூட அதிபருடைய முகம், இவ சிரிக்கமாட்டா என்று நம்பி எதையும் கதைக்கலாம் என்பது இன்னொரு காரணம். மெற்றோவில் ஏறும்வரை நான் சிரிப்பை அடக்கி வைத்திருப்பது யாருக்கும் தெரியாது.

இதே தொழிலில் இருக்கிறவர்களுக்கும், சம்பளமே இல்லாமல் தாய் தகப்பனோடு டொக்டரிடம் போய் “அம்மா என்ன சொல்லுறா எண்டால்” என்று தொடங்கி அரை நாளைத் தொலைத்த பிள்ளைகளுக்கும் நான் சொல்லப்போகிற பாடு நன்றாக விளங்கும். நீங்கள் எல்லோரும் என் கட்சி. கொரோனாத் தடுப்பூசி வந்த பிறகு இரண்டு மூன்று வருஷமாக என் வாய்வழியே அதிகம் போய்வந்த கேள்வி ஒன்றுதான்: இந்த ஊசியைப் போட்டால் பிள்ளை தங்குமா? அந்தக் கேள்வியோடு வந்த ஒரு குடும்பத்தின் கதைதான் இதில் முக்கால்வாசி. அவர்களிடம் கேட்டு, ஓம் என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றிவிட்டேன். மன்னார்ப் பக்கம் என்பதற்கு மேல் ஊரைச் சொல்லமாட்டேன். எங்கள் ஆட்களுக்கு ஊர் தெரிந்தால் மிச்சம் தானாகத் தெரிந்துவிடும்.

யார் கர்ப்பிணி?

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. நோயாளி ‘நான்’ என்று சொன்னால் நாங்களும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘இவ சொல்லுறா’, ‘அவ கேக்கிறா’ என்பதெல்லாம் கூடாது. அதனால் எனக்கு வராத வருத்தம் இல்லை. கர்ப்பப்பையில் கட்டி வந்திருக்கிறது, மாதவிடாய் நின்று திரும்ப வந்திருக்கிறது, ஒருமுறை இரட்டைப் பிள்ளைகூடத் தங்கியிருக்கிறது.

ஒரு நாள் புதிதாக வந்த இளம் டொக்டர் ஒருவர். மொழிபெயர்ப்பாளரை வைத்து வேலை செய்வது அவருக்கு அன்றுதான் முதல் தடவை. என் பக்கத்தில் ஒரு இளம் பெண் பெரிய குளிர்க் கோட்டுக்குள் தன்னை மூடிக்கொண்டு குனிந்தபடி இருந்தாள். அவள் தமிழில் முணுமுணுத்ததை நான் பிரெஞ்சில் கணீரென்று சொன்னேன்: “எனக்கு இப்போது மூன்று மாதம். சோற்று மணம் பட்டாலே சத்தி வருகிறது. வயிற்றில் தங்கியது தெரியாமல் கொரோனா ஊசி போட்டுவிட்டேன். என் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமா?” டொக்டர் என் முகத்தைப் பார்த்தார், சாயம் பூசிய தலையைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். ஆனாலும் நல்ல பெடியன். முதலில் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னார். ஊசியால் பிள்ளைக்குப் பயமில்லை, கர்ப்பிணிகளுக்குக் கொரோனா வந்தால்தான் கடுமையாக அடிக்கும், அதனால்தான் அவர்களைப் போடச் சொல்கிறோம் என்றார். அந்தப் பெண்ணின் தோள் அப்போதுதான் தளர்ந்தது. பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு என்னிடம் கேட்டார்: “மதாம், கட்டிலில் ஏறுங்கள் என்று நான் இப்போது யாரைச் சொல்ல வேண்டும்?”

எந்த ஊர்?

ஊசி போடுவதற்காகப் பெரிய மண்டபங்களையெல்லாம் திறந்துவிட்ட வசந்தகாலம். பனித்தரையைக் கரைத்துவிட்டுக் கதிரைகளை அடுக்கிய ஒரு ஹொக்கி மண்டபத்தில் எனக்கு வேலை. அங்கேதான் டிலானியை முதலில் கண்டேன். மொன்றியலின் வடக்குப் பக்கம், அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் இருந்து வந்திருந்தாள். முப்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். கதிரையின் நுனியில் உட்கார்ந்து, ஊசி போட வந்த நேர்ஸைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, “அன்ரி, நீங்கள் எந்த ஊர்?” என்று கேட்டாள். எங்கள் ஆட்கள் இதைக் கேட்பது எப்போதும் சொந்தம் கொண்டாட அல்ல. தங்கள் கதை எந்த வழியாக எந்த வீட்டுக்குப் போய்ச் சேரும் என்று பார்க்கவும் கேட்பார்கள். நான் எங்கள் விதியைச் சொன்னேன். இங்கே கேட்டது இங்கேயே கிடக்கும். வெளியில் கண்டால் உன்னை எனக்குத் தெரியாது. நீ சிரித்தால்தான் நான் சிரிப்பேன். இந்த விதியால் கலியாண வீடுகளில் எனக்குத் ‘தலைக்கனம் பிடிச்சவ’ என்று பெயர். என் கணவர் சிவம் எனக்கும் சேர்த்துச் சிரித்துச் சிரித்தே வாய் வலித்துப்போன மனிதர்.

பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். கலியாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை. கணவன் அன்ரன். மாமி திரேசம்மாவும் அவர்களோடுதான் இருக்கிறா. ஊசி போட்ட பெண்களுக்குப் பிள்ளை தங்காது என்று யாரோ லண்டன் டொக்டரின் குரல் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. மாமி அதை வீட்டில் எல்லோருக்கும் போட்டுக் காட்டியிருக்கிறா. நேர்ஸ் பொறுமையான மனுஷி. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது, அவ அவசரப்படவில்லை. இந்த மருந்து கையில் இருந்து உடம்புக்கு வைரஸின் அடையாளத்தைக் காட்டிவிட்டுக் கரைந்துபோகும், கர்ப்பப்பையோடு அதற்கு ஒரு வேலையும் இல்லை, பிள்ளைக்காகக் காத்திருக்கிறவர்களும் போடலாம் என்று இரண்டு தரம் சொன்னா. நானும் இரண்டு தரம் சொன்னேன். டிலானி தலையை ஆட்டிக் கேட்டாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டாள். போகும்போது சொன்னது: “அவ சொன்னது முழுக்க விளங்கினது, அன்ரி. ஆனா வீட்டை போய் மாமியோடை இருக்கப்போறது நான்தானே.”

ஒன்பது வயதுக்காரியின் முடிவு

கொரோனா ஊசிக்கு மட்டும்தான் இந்தப் பழி என்று நினைக்காதீர்கள். மொன்றியலில் வில்லரேப் பகுதியில் ஒரு பள்ளிக்கூடம். நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கிற ஊசி போடப்போகிறார்கள். பெற்றோருக்கு விளக்கம் சொல்லப் பின்னேரம் ஒரு நேர்ஸ் வந்திருந்தா. எங்கள் ஆள் ஒருவர், வேலை உடுப்போடு நேரே வந்தவர், மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழும்பி நின்றார். “பொம்பிளைப் பிள்ளை. நாளைக்குக் கலியாணம் கட்டி ஒரு பிள்ளையைப் பெறோணும். இப்பவே இதைக் குத்தி எல்லாத்தையும் கெடுத்துப்போட்டா நான் ஆரைக் கேக்கிறது?” என்றார். நான் அப்படியே கோபத்தோடு பிரெஞ்சில் சொன்னேன். கோபத்தையும் மொழிபெயர்க்க வேண்டும், அதுவும் விதி.

நேர்ஸ் கோபிக்கவில்லை. ஊசி ஒன்றையும் கெடுக்காது, கெடுப்பது அந்த வைரஸ்தான், அது பிற்காலத்தில் புற்றுநோயாக வந்தால் அதற்குச் செய்கிற வைத்தியம்தான் பிள்ளை பெறுகிறதைக் கஷ்டமாக்கும் என்றா. ஆண் பிள்ளைகளுக்கும் இதே ஊசிதான் என்றதும் மனிதர் தடுமாறிவிட்டார். பெடியங்களுக்கும் போடுகிறார்கள் என்றால் பயப்பட ஒன்றும் இருக்காது என்று அவருக்கு ஒரு நியாயம். அந்த நியாயத்தைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. வாய் வாடகையில் இருந்ததால் சொல்லவில்லை. அதுவரை கால்களை ஆட்டிக்கொண்டிருந்த மகள் தகப்பனின் கையைப் பிடித்து இழுத்துச் சொன்னாள்: “அப்பா, எனக்குப் பிள்ளை வேண்டாம். எனக்குப் பூனை வேணும்.”

தொலைபேசியில் ஒரு காலை

அடுத்த குளிர்காலத்தில் கொரோனா வீட்டுக்கு வீடு புகுந்தபோது வேலையெல்லாம் தொலைபேசிக்கு மாறியது. டொக்டர் ஒரு பக்கம், நோயாளி ஒரு பக்கம், நடுவில் என் குசினியில் நான். ஒரு காலை அழைப்பில் டிலானியின் குரல். பெயர் சொல்ல முதலே பிடித்துவிட்டேன், காட்டிக்கொள்ளவில்லை. அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் கொரோனா வந்து போயிருந்தது. அதற்குப் பிறகு மாதவிடாய் தள்ளிக்கொண்டே போனது. வயிற்றில் பிள்ளை என்று நினைத்து, சின்னதாக ஒரு தொப்பி கூடப் பின்னத் தொடங்கியிருக்கிறாள். கிளினிக்கில் இரத்தம் எடுத்திருந்தார்கள். அதன் முடிவைச் சொல்லத்தான் டொக்டர் அழைப்பு எடுத்திருந்தா. கர்ப்பம் இல்லை என்றா. அதைத் தமிழில் சொல்ல வேண்டியது நான். என் தொழிலில் இதைவிடக் கஷ்டமான வார்த்தை இல்லை.

அவள் அழுதாள். அழுகைக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. டொக்டரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆறுதல் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. எனக்கும் கண்ணீர் வந்தது. சிவம் ஒன்றும் கேட்காமல் தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தால் டொக்டர் மெதுவாக விளக்கினா. காய்ச்சல், வருத்தம், யோசனை எதுவும் மாதவிடாயைக் கொஞ்சக் காலம் முன்பின்னாக்கலாம், கொரோனாவுக்குப் பிறகு சில பேருக்கு இப்படி நடக்கிறது, தானாகத் திரும்பி வரும். ஊசி போட்டவர்களுக்கும் ஒரு மாதம் ஒன்றிரண்டு நாள் மாறலாம், அடுத்த மாதம் சரியாகிவிடும். இரண்டும் பிள்ளைப் பாக்கியத்தைப் பறிக்கிறதில்லை. இத்தனை வருஷமாகப் பிள்ளை இல்லாததற்கு வேறு காரணம் இருக்க வேண்டும், அதற்கென்று உள்ள கிளினிக்குக்கு அனுப்புகிறேன் என்றா. டிலானி மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்: “ஊசி போடாமலே இவ்வளவும் வருமெண்டால், நான் இவ்வளவு நாளும் எதுக்குப் பயந்து ஒளிச்சனான்?”

கொஞ்சம் சத்தமாக

அந்தக் கிழமையே, மாமிக்குச் சொல்லாமல், மெற்றோவுக்குப் பக்கத்தில் இருந்த மருந்துக்கடையில் டிலானி கொரோனா ஊசியைப் போட்டுக்கொண்டாளாம். பிள்ளை தங்காதவர்களைப் பார்க்கிற கிளினிக்கில் முதல் நாள் அதை டொக்டரிடம் சொன்னபோதுதான் எனக்கும் தெரிந்தது. இந்த டொக்டர் வேறு ஆள். கட்டையாக வெட்டிய நரைமயிர், மூக்கு நுனியில் கண்ணாடி, அவசரம் என்றால் என்ன என்று தெரியாத மனுஷி. அன்ரனும் வந்திருந்தான். மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தவன் என்ற நினைப்பில் ஜக்கெட்டைக்கூடக் கழற்றாமல், கதவுக்குக் கிட்டவே நின்றுகொண்டிருந்தான்.

டொக்டர் அவனைக் கதிரை காட்டி உட்காரச் சொன்னா. பிள்ளை தங்காததற்குக் காரணம் பெண்ணிடம் இருக்கிற அளவுக்கு ஆணிடமும் இருக்கலாம், கொரோனாக் காய்ச்சல் வந்த ஆண்களுக்கு விந்து சில மாதங்களுக்குக் குறைந்துபோவதும் உண்டு, பிறகு சரியாகும், ஆனாலும் உங்களையும் சோதிக்க வேண்டும் என்றா. அன்ரன் என்னைப் பார்த்தான். நான் ஏதோ என் சொந்தக் கருத்தைச் சொல்லிவிட்டதுபோல. “என்னையோ?” என்றான். அதையும் நான் பிரெஞ்சில் “என்னையா?” என்று கேட்டேன். டொக்டர், “ஓம், உங்களைத்தான்” என்று என்னைப் பார்த்துச் சொன்னா. நாங்கள் மூன்று பேரும் இப்படிச் சுற்றிக்கொண்டிருக்கையில் டிலானி என் பக்கம் சாய்ந்தாள்: “அன்ரி, டொக்டர் இப்ப சொன்னதைத் தமிழிலை இன்னொருக்காச் சொல்லுங்கோ. கொஞ்சம் சத்தமா.”

ஒரு மாதத் தடை

சோதனைகள் வந்தன. அன்ரன் சுகமாக இருந்தான். டிலானியின் இரத்தத்தில் இரண்டு விஷயம். ஒன்று, தைரொயிட் சுரப்பி மந்தமாக வேலை செய்கிறது. அதற்குக் குளிசை தந்தார்கள். மற்றது, ருபெல்லா என்கிற ஜேர்மன் அம்மைக்கு உடம்பில் எதிர்ப்பு இல்லை. அது சும்மா வந்து போகிற தோல் வருத்தம்தான், ஆனால் கர்ப்பத்தின் தொடக்கத்தில் வந்தால் பிள்ளையின் கண், காது, இருதயம் எல்லாவற்றையும் பழுதாக்கிவிடும். அதனால் முதலில் அதற்கு ஊசி, பிறகு ஒரு மாதம் பிள்ளைக்கு முயற்சி செய்யக் கூடாது என்றா டொக்டர். ஊசி போட வேண்டிய நாளில் அன்ரனுக்கு லீவு கிடைக்கவில்லை. துணைக்கு வந்தவ மாமி திரேசம்மா. வெள்ளைப் புள்ளிச் சேலை, அதற்கு மேல் ஆண்பிள்ளைகளுடைய குளிர்க் கோட், கையில் செபமாலை.

‘ஒரு மாதம்’ என்று நான் தமிழில் சொல்லி வாய் மூட முதல் அவ எழும்பிவிட்டா. “பாத்தியளோ, பாத்தியளோ! ஊசி போட்டா ஒரு மாசம் பிள்ளை வேண்டாமாம், டொக்டரே சொல்லுறா! நான் சொன்னா எனக்குப் பைத்தியம்!” டிலானி நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள். இவ்வளவு தூரம் வந்து, இனி இந்த மனுஷியின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்ப வீட்டுக்கே போய்விடுவாள் என்று பயந்தேன். ஒரு மாதத் தடை எதற்கென்று டொக்டர் விளக்கினா. இந்த ஊசியில் மிகவும் பலவீனமாக்கிய உயிருள்ள வைரஸ் இருக்கிறது, அது உடம்பைவிட்டுப் போகும்வரை பிள்ளைக்காக ஒரு முன்யோசனை, கர்ப்பப்பைக்கும் இதற்கும் தொடர்பில்லை. நான் ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். திரேசம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தா. பிறகு கதிரையில் மெல்ல உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சொன்னா: “ஊசி போட்டா என்ன நடக்குமெண்டு எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை, தங்கச்சி. நான் போட்டுப் பாத்தனான்.”

திரேசம்மா சொன்னது

நானும் டிலானியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். திரேசம்மா என்னிடம், “நான் சொல்லுறதை அவவுக்கு அப்பிடியே சொல்லுவியளோ?” என்று கேட்டா. “அப்பிடியேதான் சொல்லோணும் அம்மா, அதுதான் என்ர வேலை” என்றேன். மகன் பக்கத்தில் இல்லாதது நல்லதாகப் போயிற்று. நான் பிரெஞ்சில் சொன்னது இது: “எனக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். கணவர் சவூதியில் சாரதி. சண்டைக் காலம். மூன்றாவது வந்தால் தனியாக எப்படி வளர்ப்பேன் என்று பயந்து, அவர் லீவில் வர முதல், மிட்வைஃபிடம் போய்ப் பிள்ளை தங்காமல் இருக்க மூன்று மாத ஊசி போட்டுக்கொண்டேன். நாலைந்து தடவை போட்டிருப்பேன். கணவருக்கும் சொல்லவில்லை, கோயிலில் பாதருக்கும் சொல்லவில்லை. பிறகு ஒரு பெண் பிள்ளைக்கு ஆசைப்பட்டு நிறுத்தினேன். வரவே இல்லை. கர்ப்பப்பை காய்ந்துபோய்விட்டது. நான் செய்தது எனக்கு வந்தது. என் மருமகளுக்கு அது வரக் கூடாது.” கடைசி வசனத்தில் என் குரல் உடைந்தது. விதியில் அதற்கு இடமில்லை, ஆனால் ‘நான்’ என்று சொல்லிக்கொண்டே உடையாமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. வாட்ஸ்அப்புக் குரலை நம்புகிற பிடிவாதக்காரி என்று அவ்வளவு காலமும் நான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்த மனுஷி இவதான்.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தா. “நிறுத்திய பிறகு கணவர் எப்போதெல்லாம் வீட்டுக்கு வந்தார்?” என்று கேட்டா. “ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா. ஒரு மாசம் நிப்பார்.” டொக்டரின் உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போனது. அந்த ஊசி பிள்ளையைத் தள்ளிப்போடவே செய்த மருந்து, நிறுத்தினால் ஒரு வருஷம் மட்டில், சில பேருக்கு இன்னும் கொஞ்சம் கூட எடுத்து, எல்லாம் பழையபடி வந்துவிடும், கர்ப்பப்பையைக் காய வைக்காது என்று சொன்னா. தடுப்பூசி அந்தச் சாதியே இல்லை, வைரஸை எதிர்க்க உடம்பைப் பழக்குவது மட்டும்தான் அதன் வேலை. “உங்கள் மகள் வராததற்கு ஊசியைவிடச் சவூதிதான் அதிகம் காரணமாக இருக்கும்” என்றும் சொன்னா. இதை நான் தமிழில் சொன்னபோது திரேசம்மா சிரித்தா. சிரித்துக்கொண்டே இருந்தவ, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினா. “அப்ப அது தண்டனை இல்லையோ? என்ர பிழை இல்லையோ?” என்று சேலைக்குள்ளிருந்து கேட்டா. டொக்டர் மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல் அவவின் கையைப் பிடித்துவிட்டா. டிலானி மற்றக் கையைப் பிடித்தாள். எனக்குக் கை கிடைக்கவில்லை, நான் அவவின் கோட்டைப் பிடித்துக்கொண்டேன். ஒரு பாட்டம் அழுது முடித்து, முகத்தைத் துடைத்து, செபமாலையைக் கைப்பைக்குள் போட்டுவிட்டுத் திரேசம்மா மருமகளைப் பார்த்துச் சொன்னா: “எழும்பு பிள்ளை. ஊசி எந்த அறையிலை எண்டு கேள்.”

இன்னொரு தரம்

இலைகள் கொட்டி, பனி கொட்டி, திரும்ப மரங்கள் துளிர்க்கிற நேரம் அதே கிளினிக்கில் இருந்து எனக்கு அழைப்பு. அறைக்குள் போனால் டிலானி, அன்ரன், திரேசம்மா மூன்று பேரும் வரிசையாக, போட்டோவுக்கு உட்கார்ந்தவர்கள் மாதிரி. அன்ரன் இந்த முறை ஜக்கெட்டைக் கழற்றியிருந்தான். டொக்டர் “பொன்ஷூர்” சொல்லி முடிக்க முதலே டிலானி தமிழில் சொன்னாள்: “நான் கர்ப்பமா இருக்கிறன், டொக்டர்.” எத்தனையோ தரம் பிறருக்காகச் சொன்ன வசனம். எந்த வேகத்தில், எந்தக் குரலில் சொல்ல வேண்டும் என்று எனக்கு மனப்பாடம். அன்றைக்கு அது வாயில் இருந்து வர நேரம் எடுத்தது.

தைரொயிட் குளிசைதான் உதவியதா, அல்லது காலம்தான் கூடியதா என்று டொக்டர் அடித்துச் சொல்லவில்லை. குளிசை உதவியிருக்கலாம் என்றா, அவ்வளவுதான். இத்தனை வருஷமாக எல்லோரும் ஊசியைச் சுற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருக்க, கழுத்துக்குள் இருந்த ஒரு சின்னச் சுரப்பியை யாரும் நினைக்கவில்லையே என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, நினைத்துத் தேடின மனுஷியைக் கையெடுத்துக் கும்பிடவும் தோன்றியது. வரிசை நீண்டாலும் இரண்டு தரம் சொன்ன ஹொக்கி மண்டபத்து நேர்ஸையும், தொலைபேசியில் பேசாமல் இருக்கத் தெரிந்த டொக்டரையும் அப்போது நினைத்துக்கொண்டேன். ஒருத்தருக்கும் என் நன்றியைச் சொல்ல வழி இல்லை. அந்த நேரம் டிலானி என் கையைத் தட்டிக் கேட்டாள்: “அன்ரி, அதை இன்னொருக்காச் சொல்லுங்கோ. பிரெஞ்சிலை கேக்க இன்னும் வடிவா இருக்கு.”

தெரியாத ஆட்கள்

போன கோடையில் சிவத்தின் கூட்டாளி ஒருவர் பக்கத்து நகரமான லவாலில் ஒரு ஞானஸ்நானக் கொண்டாட்டத்துக்கு எங்களைக் கூப்பிட்டார். அவர்தான் பிள்ளைக்கு ஞானத்தந்தை. நல்ல பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போய் மண்டபத்துக்குள் காலை வைத்த பிறகுதான் மேடையில் நிற்கிற தாயைக் கண்டேன். டிலானி. சுற்றிவர அன்ரனின் பெரியம்மா, சின்னம்மா, மச்சாள்மார். கிளினிக் விஷயம் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்குத் தெரியும். டிலானி என்னைக் கண்டாள். கண் கலங்கியது, ஆனால் சிரிக்கவில்லை. அவள் சிரித்தால்தான் நான் சிரிப்பேன் என்ற விதியை நான்தானே சொல்லிக் கொடுத்தேன். மூலை மேசையில் போய் உட்கார்ந்து ரோல்ஸ் சாப்பிட்டேன். இவ ஒருத்தரோடும் முகம் கொடுத்துக் கதைக்கமாட்டா என்று பக்கத்து மேசையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. சிவம் வழக்கம்போல எனக்கும் சேர்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிள்ளையைத் தூக்கப் பெண்கள் வரிசை கட்டி நின்றார்கள். திரேசம்மா பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்த வரிசையை அப்படியே விட்டுவிட்டு, மண்டபத்தின் நடுவால் நடந்து நேரே என் மேசைக்கு வந்தா. பாட்டுக்கூட நின்றுவிட்டது போல எனக்கு இருந்தது. பெண் பிள்ளை. தலையில் ஒரு குட்டித் தொப்பி, டிலானி அன்றைக்குப் பின்னிப் பாதியில் விட்டதாகத்தான் இருக்க வேண்டும். நான் பயந்து எழும்பினேன். வரிசையில் நின்ற பெரியம்மா ஒருத்தி பின்னாலேயே வந்து, “ஆர் இவ, திரேசு? எங்கடை ஆளோ?” என்று கேட்டா. திரேசம்மா என் முகத்தைப் பார்க்காமல், பிள்ளையை என் கையில் வைத்துவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னா: “இவவை எனக்குத் தெரியாது. ஆனா பிள்ளை முதல்ல இவவின்ர கையிலைதான் இருக்கோணும்.”

சொந்த வாயை மூடி வைத்திருப்பதற்குச் சம்பளமும் தந்து, கடைசியில் கையில் ஒரு பிள்ளையையும் கொண்டுவந்து வைக்கிற தொழில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். பட்டுச் சேலையில் கக்கின பாலுக்கு மட்டும் யாரும் பொறுப்பெடுப்பதில்லை.